ஏராவில் இறங்கும் பாரம்

படகு தண்ணீரில் மிதக்கும்வரை அதன் எடையைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. அடியிலும் விலாவிலும் கடல் அதை ஒரே சீராக ஏந்திக்கொள்கிறது. கரைக்கு ஏற்றிய கணத்தில் அந்த ஏந்தல் போய்விடும். மூன்று டன் வள்ளம் என்றால், அந்த மூன்று டன்னும் அடியில் ஓடும் ஏராக் கட்டை வழியாக, கையகலமுள்ள சில இடங்களில் மண்ணுக்குள் இறங்கப் பார்க்கும். அது இறங்காமலும் சாயாமலும் முறுக்கிக்கொள்ளாமலும் நிறுத்தி வைப்பது என் தொழிலில் ஒரு பாதி. கடலிலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தள்ளி, திருமங்கலத்தில் இருந்துகொண்டு இதைச் செய்கிறேன் என்றால் கேட்பவர்கள் மதுரை வண்டியூர் தெப்பக்குளத்தைத்தான் நினைக்கிறார்கள். தைப்பூசத்துக்கு மீனாட்சியும் சொக்கரும் ஏறிவரும் தெப்பத்தில் எனக்கு வேலை இல்லை. அது வேறு ஆட்களின் கைவேலை.

என்னைக் கடலோடு சேர்த்துவிட்டது கருவேல மரம். அப்பாவுக்கு வண்டிப் பட்டறை. சக்கரத்தின் குடத்துக்கும் ஆரக்காலுக்கும் வட்டைக்கும் நாட்டுக் கருவேலை விட்டால் எங்கள் பக்கத்தில் வேறு மரம் கிடையாது. திருமங்கலம், கள்ளிக்குடி, திருச்சுழி வட்டாரத்துக் கண்மாய்களுக்குள் அது தானாக வளரும். 1980-களில் சமூகக் காடுகள் திட்டத்தில் கண்மாய் உள்வாயில் விதைத்தும் பெருக்கினார்கள். ஏலம் எடுத்து வெட்டிவந்தால், நேரான கட்டை பட்டறைக்கு, கோணல் கட்டை விறகுக்கு. அந்தக் கோணல் கட்டையைத் தேடித்தான் தூத்துக்குடியிலிருந்து தோணி கட்டும் ஓடாவி ஒருவர் வருவார். தோணியின் வங்குகளுக்கு, அதாவது விலாவெலும்பு போல உள்ளே வளைந்து நிற்கும் சட்டங்களுக்கு, இயற்கையாகவே வளைந்த மரம்தான் வேண்டும். நேர் மரத்தை வளைவாக அறுத்தால் நார் குறுக்கே வெட்டுப்பட்டு, அலை அடிக்கிற இடத்தில் பிளந்துவிடும். பலகையில் அறுத்த அச்சு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் கண்மாய்க்குள் இறங்குவார். நிற்கிற மரத்தின் கிளைக் கவட்டையில் அந்த அச்சை வைத்துப் பார்த்துச் சுண்ணாம்பால் குறியிடுவார். அப்பா விறகு விலை சொன்ன கட்டைக்கு அவர் சக்கரக் கட்டையின் விலை கொடுத்ததைப் பார்த்துத்தான் நான் அவர் பின்னால் போனேன். அவரை நான் அண்ணாச்சி என்றே கூப்பிட்டேன். இன்றுவரை அவர் பெயரைச் சொல்லி யாரிடமும் பேசியதில்லை.

தூத்துக்குடி பழைய துறைமுகத்துப் பக்கம் அப்போது தோணிகளுக்கு இயந்திரம் பொருத்தத் தொடங்கிய காலம். அதற்கு முன்பு கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் பாயை மட்டும் நம்பிச் சரக்கு கொண்டுபோன தோணிகள் அவை. தென்மேற்குக் காற்று வலுக்கும் மாதங்களில் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மராமத்து பார்ப்பார்கள். கரையேற்றுவதுதான் பெரும்பாடு. மன்னார் வளைகுடாவில் கடலின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. குஜராத்தின் காம்பே வளைகுடாவில் கடல் பல மீட்டர் ஏறி இறங்கும். ஏற்றத்தில் கப்பலைக் கரைக்கு ஓட்டிவிட்டால், வற்றும்போது அது தானாகத் தரைதட்டி நின்றுவிடும். அலங்கில் கப்பல் உடைக்கும் தொழில் அமைந்ததே அந்த ஏற்றத்தினால்தான். பிரான்சின் பிரித்தானிப் பகுதியிலும் இங்கிலாந்தின் கழிமுகங்களிலும் பாய்மரப் படகுகளுக்கு இரு பக்கமும் மரக்கால் பூட்டி, கடல் வற்றும்போது சேற்றில் நிற்க விடுகிறார்கள். நமக்கு அந்த வசதி இல்லை. நம்முடைய கடல் படகைத் தானாகக் கரையில் விட்டுப் போகாது. இழுத்துத்தான் ஏற்ற வேண்டும். கிரீஸ் தடவிய கட்டைகளின் மேல், வின்ச் வைத்து, சில இடங்களில் அம்பா பாடிக் கயிறு பிடித்து ஏற்றுவதைப் பார்த்திருக்கிறேன்.

இழுத்து ஏற்றியதும் மற்றவர்கள் வேலை முடிந்ததென்று பீடி பற்றவைப்பார்கள். அண்ணாச்சி அப்போதுதான் நூலை எடுப்பார். ஏராவின் முன்முனையிலிருந்து பின்முனைக்கு நூல் பிடித்து, அதன் கீழே தாங்கு கட்டைகளை அடுக்கச் சொல்வார். இந்த அடுக்கில்தான் எல்லாமே இருக்கிறது. நடுவில் ஓர் அடுக்கு தாழ்ந்தால் படகின் வயிறு தொங்கும். இரு முனையிலும் தாழ்ந்தால் முன்பக்க அணியமும் பின்பக்க அமரமும் தொங்கி, முதுகு மேலே வளையும். ஆறு அடுக்கு வைத்த மூன்று டன் வள்ளத்தில் ஒவ்வோர் அடுக்குக்கும் அரை டன் வரும். அதில் இரண்டு அடுக்கு மண்ணில் அரை அங்குலம் தணிந்துவிட்டால், அவை சுமந்த ஒரு டன்னும் பக்கத்து அடுக்குகளின் மேல் ஏறும். ஏரா வளைவது ஒரே நாளில் கண்ணுக்குத் தெரியாது. ஒரு மழைக்காலம் கழித்துத் தண்ணீரில் இறக்கும்போது, பஞ்சு திணித்து அடைக்கிற எந்தக் கலப்பத்துக்கும் அடங்காமல் பலகை மூட்டு ஒழுகும். அப்போது கலப்பத்துக்காரனைத் திட்டுவார்கள். அவன்மேல் ஒரு குற்றமும் இருக்காது.

அடுக்கு கட்டுகிற முறையையும் சொல்கிறேன். அடியில் அகலமான கட்டை, அதன்மேல் குறுக்குக் கட்டை, மறுபடியும் நெடுக்குக் கட்டை என்று ஏறிவர வேண்டும். உச்சிக்குச் சற்றுக் கீழே இரட்டை ஆப்பு. ஒன்றை இடப்பக்கமிருந்தும் மற்றொன்றை வலப்பக்கமிருந்தும், இரண்டு பேர் ஒரே தாளத்தில் அடித்தால்தான் மேல்கட்டை மட்டம் மாறாமல் எழும்பும். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் கட்டை சாய்ந்து, ஏராவின் ஓரத்தை மட்டும் கடிக்கும். எல்லாவற்றுக்கும் மேலே, ஏராவைத் தொடுகிற இடத்தில், மாமரப் பலகைத் துண்டு. தேக்கையோ கருவேலையோ அங்கே வைக்கக் கூடாது. நசுங்க வேண்டியது எதுவென்றால் அந்தப் பலகைதான். ஏரா நசுங்கக் கூடாது.

இனி முட்டு, அதாவது விலாவில் சாய்த்து வைக்கும் தாங்குகட்டை. பார்க்கிறவர்கள் எல்லோரும் படகை முட்டுதான் தூக்கி நிறுத்தியிருக்கிறது என்று நினைக்கிறார்கள். முட்டு படகைச் சாயாமல் பிடிப்பது, சுமப்பது ஏரா. விலாப் பலகை ஒன்றரை அங்குலம் இருந்தால் அதிகம். பாரத்தை அங்கே ஏற்றினால் பலகை உள்ளே அமுங்கும், ஆணி தளரும். அதனால் முட்டை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. வங்கு ஓடுகிற இடத்தில்தான் வைக்க வேண்டும். வெளியிலிருந்து வங்கு தெரியாது. மரச்சுத்தியலால் பலகையைத் தட்டிக்கொண்டே போக வேண்டும். வங்குக்கும் வங்குக்கும் நடுவே தட்டினால் பானை போல் ஒலிக்கும். வங்கின் மேல் தட்டினால் சத்தம் உள்ளேயே அடங்கிவிடும், கையில் அதிர்வும் வராது. சந்தேகம் வந்தால் ஆணித் தலைகளைப் பார்க்கலாம். பழைய பூச்சைச் சுரண்டினால் மேலிருந்து கீழாக ஒரே வரிசையில் ஆணிப் புள்ளிகள் வரும். அந்த வரிசைக்குப் பின்னால் வங்கு இருக்கிறது. அண்ணாச்சி ஆணி வரிசையைப் பார்க்க மாட்டார். தட்டிவிட்டு, ஈரக் கட்டைவிரலால் ஒரு குறி வைப்பார். அந்த ஈரம் காய்வதற்குள் நான் கரித்துண்டால் கோடு போட வேண்டும்.

"முட்டு எவ்வளவு இறுக்கணும் அண்ணாச்சி?" என்று தொடக்கத்தில் கேட்டேன்.

"கை வச்சு ஆட்டினா ஆடக் கூடாது. அதுக்கு மேல ஒரு அடி அடிச்சாலும் பலகையத் தள்ளுறேன்னு அர்த்தம், ஏல."

இடப்பக்க முட்டையும் வலப்பக்க முட்டையும் ஏராவுக்கு அடியில் சங்கிலி போட்டு இணைத்துவிட வேண்டும். முட்டு சாய்வாகத்தான் நிற்கும். பாரம் வந்தால் அதன் கால் வெளியே வழுக்கப் பார்க்கும். சங்கிலி அதைப் பிடித்துக்கொள்ளும். வெளிநாட்டுப் படகுத் துறைகளில் இரும்பு முட்டுகளுக்கும் இதே முறைதான். ஜோடி ஜோடியாகச் சங்கிலி போட்டே நிறுத்துகிறார்கள். இன்னொன்று: தார்ப்பாயின் கயிற்றை ஒருபோதும் முட்டில் கட்டக் கூடாது. கடலோரத்தில் ஓரிடத்தில் அப்படிக் கட்டியிருந்த படகு ஒன்று விழுந்து கிடந்ததைப் போய்ப் பார்த்தேன். காற்று தார்ப்பாயை உதற, தார்ப்பாய் கயிற்றை இழுக்க, கயிறு முட்டைப் பிடுங்கிவிட்டது. ஏராவும் வங்கும் பழுதில்லாமல் இருந்தன. விழுந்த பக்கத்துப் பலகைகள் மட்டும் முழுசாகப் போய்விட்டன.

அப்பாவின் பட்டறையை எடுத்து நடத்த நான் ஊருக்குத் திரும்பினேன். வண்டி வேலை குறைந்துகொண்டே வந்தது. வங்குக் கட்டை வாங்கிக் கொடுப்பதும், கூப்பிட்டால் கடலோரம் போய் மராமத்து பார்ப்பதுமாகத் தொழில் நின்றது. பாக் நீரிணைப் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். இழுவலைப் படகுகள் முழுக்கக் கரையில் நிற்கும். ராமேஸ்வரம், மண்டபம், தொண்டி என்று எங்கே போனாலும் வேலை இருக்கும். பாய் வள்ளங்கள் குறைந்துவிட்டன. தொண்டி வட்டாரத்துக் கடலோர ஊர்களில் கோயில் திருவிழாவை ஒட்டி பாய்மரப் படகுப் போட்டி இன்னும் நடக்கிறது. அந்தப் போட்டிக்காகவே சில வள்ளங்களைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.

அப்படி ஒரு வள்ளம்தான் எங்கள் ஊருக்கு வந்தது. வங்கியில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர். அம்மா வழி தொண்டிப் பக்கம். தாய்மாமன் வீட்டு வள்ளம், ஏறத்தாழ முப்பதடி, மாமனுக்குப் பிறகு அலைவாய்க்கரையில் கிடந்து மட்கத் தொடங்கியிருந்தது. கரையில் இடமும் இல்லை, பார்த்துக்கொள்ள ஆளும் இல்லை. திருமங்கலத்துக்கு மேற்கே உள்ள தன் தோப்பில் ஒன்றிரண்டு வருடம் வைத்து, பழுது பார்த்து, மருமகப் பிள்ளைகள் கையில் திரும்பக் கொடுக்க நினைத்தார். திருவாடானை, காளையார்கோவில், சிவகங்கை வழியாக லாரியில் கொண்டுவர ஏற்பாடும் செய்துவிட்டார். என்னைக் கூப்பிட்டு இடம் காட்டினார். பங்குனி மாதம். பருத்திக்காடாக இருந்த கரிசல் நிலம், பாறை போல இறுகிக் கிடந்தது.

"ஏன் மேஸ்திரி, தரை நல்லாத்தானே இருக்கு? கல் லாரி வந்து நின்னுட்டுப் போகுது."

"இப்ப கெட்டிதான் சார். ஐப்பசியில வந்து பாருங்க."

பேசிக்கொண்டே கடப்பாரையை ஒரு வெடிப்புக்குள் விட்டேன். அடிக்கவே வேண்டியிருக்கவில்லை, பாதிக்கு மேல் தானாக உள்ளே போய்விட்டது. மதுரைச் சீமையின் மண்ணை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. வடக்கே மேலூர், அலங்காநல்லூர் பக்கம் செவல் நிலம். கொஞ்சம் தோண்டினால் சரளை, அதற்குக் கீழே பாறை. அங்கே என்றால் கல்லைப் பரப்பி அடுக்கைக் கட்டிவிட்டுப் போகலாம். தெற்கேயும் மேற்கேயும் திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர்க் கரிசல் அப்படியல்ல. அதில் உள்ள களிமண் தண்ணீர் குடித்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். ஆண்டுக்கு ஒருமுறை நிலம் மூச்சு வாங்குவது போல ஏறி இறங்கும். இந்த மண்ணில் வீடு கட்டுகிறவர்கள் அடியில் குமிழ் வைத்த தூண் இறக்குவது இதற்காகத்தான். ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் கரிசலுக்கென்றே அந்த முறையை வளர்த்தெடுத்தது. ஒரு வள்ளத்துக்கு அவ்வளவு செலவு யார் செய்வார்கள்?

நான் செய்தது இதுதான். வள்ளத்தின் நீளத்தையும் அகலத்தையும் விட ஒவ்வொரு பக்கமும் ஓராள் நடக்கிற அளவு கூட்டி, இடுப்பளவு ஆழம் கரிசலைத் தோண்டி எடுத்தோம். அடியில் சுண்ணாம்புக் கல் கலந்த மண் தட்டியது. குழியில் கிராவலைப் போட்டு, தண்ணீர் விட்டு, அரையடிக்கு அரையடி திமிசுக் கட்டையால் இடித்து ஏற்றினோம். மேல்மட்டத்தைச் சுற்று நிலத்தைவிட ஒரு முழம் உயர்த்தி, நாலு பக்கமும் வாட்டம் கொடுத்து, வடிகால் வெட்டினோம். பக்கத்தில் நின்ற வேம்பு நிழலுக்கு நல்லதுதானே என்றார் சார். நிழல் நல்லதுதான், ஆனால் அதன் வேர் ஒரு பக்கத்து ஈரத்தை மட்டும் உறிஞ்சும், மண் ஒரு பக்கம் மட்டும் தணியும். அதனால் குழியை மரத்தைவிட்டுத் தள்ளி அமைத்தோம்.

அதற்கு மேல் செய்ததுதான் இந்த வேலையின் உயிர். கிராவல் போட்டாலும் கரிசல் கொஞ்சமாவது அசையும். அசைவைத் தடுக்க முடியாதென்றால், எல்லாம் சேர்ந்து அசைய வேண்டும். ஏரா அடுக்கு ஒரு தரையிலும் முட்டுக் கால் வேறு தரையிலும் நின்றால், ஒன்று எழும்பி மற்றொன்று தணியும்போது முட்டு பலகைக்குள் ஏறும், அல்லது தளர்ந்து விழும். ஆகவே குறுக்குவாட்டில், வள்ளத்தின் அகலத்தைவிட நீளமான உத்தரங்களைக் கிடத்தி, ஒவ்வோர் உத்தரத்தின் நடுவில் ஏரா அடுக்கையும் இரு முனைகளில் முட்டுக் கால்களையும் நிறுத்தினேன். பூமி ஏறினாலும் இறங்கினாலும் மூன்றும் ஒரே கட்டையில் நிற்கும். உத்தரத்துக்கு வைரம் பாய்ந்த பனை. பச்சைப் பனையை வெட்ட இப்போது மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-ல் அரசு அறிவித்தது, நல்ல காரியம். நான் வாங்கியது இடித்த ஓட்டு வீடுகளின் பனை விட்டங்கள். தலைமுறை கடந்தும் கறையான் தொடாத மரம். ஏரா அடுக்குக்கு, மதுரை–ராமேஸ்வரம் மீட்டர் கேஜ் பாதையை அகலப்படுத்தியபோது கழித்த சிலீப்பர் கட்டைகள் மரக்கடையில் கிடந்தன. 2007-ல் அந்தப் பாதை அகல ரயிலுக்கு மாறியபின் நெடுநாள் வரை அவை மலிவாகக் கிடைத்தன. முட்டுக்கு எல்லோரும் சீமைக் கருவேலைத்தான் காட்டினார்கள். 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை அழிக்கச் சொன்ன பிறகு வெட்டிக் குவித்திருந்தார்கள். கனமான மரம்தான், எரிக்க நல்லது. நேர் நீளம் கிடைக்காது, வெளிமரத்தை வண்டு சீக்கிரம் துளைத்துவிடும். பாரம் தாங்கும் இடத்தில் நான் அதை வைப்பதில்லை.

கிரேன் வந்த அன்று பட்டைகளை வங்கு உள்ள இடமாகப் பார்த்துப் போட்டு இறக்கினோம். அணியத்தைச் சற்று உயர்த்தி, அமரத்தைத் தாழ்த்தி வைத்தேன். உள்ளே மழைத் தண்ணீர் புகுந்தால் பின்னுக்கு ஓடி, அடித்தக்கை வழியாக வெளியேற வேண்டும். தக்கையைக் கழற்றி, தொலையாமல் சுக்கான் கொக்கியில் கட்டித் தொங்கவிட்டேன். தக்கையைக் கழற்றாமல் விட்ட படகு ஒரு நல்ல மழையில் தொட்டியாகிவிடும். உள்ளே தேங்குகிற தண்ணீரின் எடையையும் ஏராவும் முட்டும்தான் சுமக்க வேண்டும்.

மதுரைக்காரர்களுக்குக் காற்று என்றால் ஆடிக் காற்று. நான் அதற்குப் பயப்படுவதில்லை. ஒரே திக்கிலிருந்து, மேற்கேயிருந்து வரும், நாள் தெரிந்து வரும். அணியத்தை மேற்கே பார்த்து நிறுத்திவிட்டால் பாதிக் கவலை போய்விடும். பயமெல்லாம் சித்திரை, வைகாசியில் சாயங்காலம் இடியோடு வருகிற சூறைக்காற்றுக்குத்தான். எந்தத் திசையில் வரும் என்று சொல்ல முடியாது, கால்மணி நேரத்தில் வாழைத்தோட்டத்தைப் படுக்க வைத்துவிடும். பாய்மரம் நட்டபடி நிற்கிற படகின் உச்சியில் அந்தக் காற்று பிடித்தால், அடியில் உள்ள முட்டுக்கு அது பல மடங்காக வரும். அதனால் கரையில் வைக்கும்போது பாய்மரத்தையும் பாயைத் தாங்கும் பருமலையும் இறக்கிவிட வேண்டும். 2004 செப்டம்பரில் ஐவன் புயல் கரீபியன் தீவான கிரெனடாவைத் தாக்கியபோது, கரையில் வரிசையாக முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்த பாய்மரப் படகுகள் ஒன்று சாய்ந்து அடுத்ததைத் தள்ள, அது மற்றொன்றைத் தள்ள, குவியலாக விழுந்தன. இப்போது அந்தப் பக்கத்துத் தீவுகளில் ஏராவைப் பள்ளத்தில் இறக்கி, படகைத் தரையில் புதைத்த நங்கூரங்களோடு பட்டை போட்டு இறுக்குகிறார்கள். நம் கடற்கரையும் 2018 நவம்பரில் கஜா புயலைப் பார்த்தது. அதனால் நான் இரண்டு படகுகளை ஒருபோதும் நெருக்கி நிறுத்துவதில்லை. இடையில் ஒரு படகு விழுகிற இடமாவது இருக்க வேண்டும். தோப்பில் வள்ளத்தின் நாலு மூலைக்கும் கருங்கல் புதைத்துக் கயிறு கட்டினேன். கட்டியது வள்ளத்தின் உடம்பில், முட்டில் அல்ல.

இறக்கிய பாய்மரத்தையும் கவனிக்க வேண்டும். இரண்டு முனையில் மட்டும் தாங்கி வைத்தால் நடு தொங்கி நிரந்தரமாக வளையும். நாலைந்து இடத்தில் ஒரே மட்டமாகத் தாங்கி, மாதம் ஒருமுறை புரட்டிவிட வேண்டும். பாயை நல்ல தண்ணீரில் உப்புப் போக அலசி, நிழலில் காயவைத்து, தரையில் படாமல் தொங்கவிட வேண்டும். உப்பு மிச்சமிருந்தால் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். துணி பூஞ்சை பிடிக்கும். தோப்பில் எலி வேறு. வீட்டுக்குள் உத்தரத்தில் கட்டிவிட்டோம்.

மரப் படகுக்குக் கரிசலும் காற்றும் கொடுக்கிற தொந்தரவைவிட வெயில் கொடுப்பது அதிகம். கடலில் கிடக்கிற பலகை ஈரத்தில் ஊறி, மூட்டுக்கு மூட்டு இறுகியிருக்கும். மரத்தில் ஈரம் முப்பது சதவீதத்துக்குக் கீழே போனால்தான் சுருக்கம் தொடங்கும். எங்கள் ஊரில் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடுகிற நாட்களில் அது பத்து, பன்னிரண்டுக்கு இறங்கிவிடும். மரம் நீளவாக்கில் சுருங்குவதே இல்லை என்று சொல்லலாம், அகலவாக்கில்தான் சுருங்கும். ஒவ்வொரு பலகையும் கொஞ்சம் ஒடுங்கினால் மூட்டுகள் எல்லாம் வாய் திறக்கும், பஞ்சும் குங்கிலியமும் உதிரும். கடலோரத்தில் காலையும் மாலையும் ஒரு வாளி கடல் தண்ணீரை விலாவில் வீசிவிட்டுப் போவார்கள். அந்தக் காற்றிலும் ஈரம் உண்டு. தொண்டியில் தாங்கியிருக்கிற படகு திருமங்கலத்தில் ஒரு கோடையைத் தாங்காது.

முதலில் தென்னங்கீற்றுக் கொட்டகை போட்டோம். தகரம் வேண்டாம் என்று பிடிவாதமாகச் சொன்னேன். தகரத்தின் கீழே பகலில் அடுப்பு வெக்கை, ராத்திரியில் குளிர், நாளுக்கு இரண்டு முறை மரம் வதைபடும். கீற்று ஒரே மாதிரி வைத்திருக்கும். பக்கவாட்டை மூடவில்லை. மூடினால் உள்ளே புழுங்கி மரம் உளுத்துவிடும். மேற்குப் பக்கம் மட்டும் தாழ்வாரத்தை இறக்கினோம், மாலை வெயில் படாமல். வெளிப்பூச்சுக்குப் புன்னை எண்ணெயில் குங்கிலியம் காய்ச்சியது. உள்ளே ஏராவை ஒட்டிய பள்ளத்தில் சாக்குகளை விரித்து, கல்லுப்புக் கரைத்த தண்ணீரை ஊற்றி ஈரமாகவே வைத்திருந்தோம். சும்மாத் தண்ணீர் வேண்டாம். நல்ல தண்ணீரின் ஈரத்தில் மரம் உளுக்கும், உப்பு ஈரத்தில் பூஞ்சை வளராது. அமெரிக்காவின் பழைய மரக்கப்பல் துறைகளில் வங்குகளின் இடுக்கில் உப்பை மூட்டை மூட்டையாக அடைத்துக் கட்டியிருக்கிறார்கள். அண்ணாச்சி அதை யாரிடம் கற்றார் என்று எனக்குத் தெரியாது. அவரும் தோணியின் அடிப்பள்ளத்தில் உப்பு அள்ளிப் போடுவார். தூத்துக்குடியில் உப்புக்கா பஞ்சம்!

கடல் புழுவைப் பற்றி ஒரு வார்த்தை. மரத்தைக் குடைந்து உள்ளேயே வாழும் அந்தப் புழுவுக்குக் கடல் தண்ணீர் வேண்டும். கரையேற்றிக் காயவிட்டால் செத்துவிடும். கரையேற்றுவதன் பெரிய லாபம் அது. கடல் புழு செத்த இடத்தில் கறையான் வராமல் பார்ப்பது நம் வேலை. அடுக்குகளின் அடியில் மேலூர்க் கருங்கல் பலகை வைத்தோம். கறையான் கல்லைத் துளைக்காது, கல்லின் மேல் மண்கூடு கட்டித்தான் ஏற வேண்டும். அது கண்ணுக்குத் தெரியும். தோப்புக் காவல்காரரின் பையனுக்கு அந்த வேலையைக் கொடுத்தேன். மண்கோடு எங்கே தெரிந்தாலும் தேய்த்துவிட்டு என்னிடம் சொல்வான். சின்னப் பையன், ஆனால் கண் கூர்மை.

ஐப்பசியில் மழை பிடித்தது. கரைக்கு ஏற்றிய படகைப் பெருமழைக்குப் பிறகு போய்ப் பார்க்காதவன் அதை ஏற்றியிருக்கவே கூடாது. நான் வள்ளத்துக்குள்ளே நடுச் சட்டத்திலிருந்து ஒரு தூக்குக்குண்டு தொங்கவிட்டு, அதன் நுனி நிற்கிற இடத்தைக் கீழ்ப்பலகையில் கரியால் குறித்திருந்தேன். வள்ளம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் குண்டு காட்டிக்கொடுக்கும். மழை ஓய்ந்த மறுநாள் போனபோது குண்டு வடக்கே ஒரு நூல் தள்ளி நின்றது. சுற்றிலும் கரிசல் ஊதியிருந்தது, வெடிப்பெல்லாம் மூடிக்கொண்டு செருப்பை இழுத்தது. கிராவல் மேடு மட்டும் காலுக்குக் கெட்டியாக இருந்தது. முட்டுகளை ஒவ்வொன்றாகக் கைவைத்து ஆட்டிப் பார்த்தேன். அமரப் பக்கத்து முட்டு ஒன்றில் காகிதம் நுழைகிற இடைவெளி. ஆப்பை இரண்டு தட்டுத் தட்டினேன். வேறெதுவும் தொடவில்லை. சார் குடையோடு நின்றிருந்தார்.

"இவ்வளவுதானா மேஸ்திரி?"

"இவ்வளவுக்குத்தான் சார் அவ்வளவு தோண்டினோம்."

இப்போது கண்ணாடியிழைப் பாய்மரப் படகு வைத்திருப்பவர்களும் கேட்டு வருகிறார்கள். சென்னைத் துறைமுகத்துக்குள் 1911 முதல் பாய்மரப் படகுச் சங்கம் இருக்கிறது. பாய்மரப் படகு வீராங்கனை நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தேர்வானதிலிருந்து பிள்ளைகளைப் பாய்மரப் படகில் ஏற்றிவிடும் ஆசை நிறையப் பேருக்கு வந்திருக்கிறது. சிறிய போட்டிப் படகுகளைத் தள்ளுவண்டியிலேயே வைக்கலாம். பெரிய படகில் அடியில் ஈயமோ இரும்போ வார்த்த சுறாத்துடுப்பு போன்ற ஏரா இருக்கும். பாரம் முழுக்க அந்தக் குறுகிய இடத்தில்தான் இறங்கும். முறை மாறவில்லை. வங்குக்குப் பதில் உள்ளே இருக்கிற தடுப்புச் சுவரைத் தேடித் தட்டிப் பார்த்து முட்டு வைக்க வேண்டும். தப்பான இடத்தில் முட்டு வைத்தால் வெளித்தோல் குழியும், உள்ளே அறைக் கதவு இறுகிக்கொள்ளும். கதவு முன்பு போலத் திறக்கிறதா என்று பார்ப்பதே அதற்கு நல்ல தேர்வு.

தோப்பு வள்ளத்தைத் திரும்பத் தண்ணீருக்குக் கொண்டுபோகும் வேலை இறக்கியதைவிடப் பொறுமை கேட்டது. பழுது பார்த்து, வாய் திறந்த மூட்டுகளில் புதுப் பஞ்சு ஏற்றினோம். பஞ்சை இறுக அடிக்கக் கூடாது என்று கலப்பத்துக்காரரிடம் சொன்னேன். காய்ந்த மரத்தில் இறுக்கி அடித்தால், தண்ணீரில் பலகை ஊதும்போது அதற்குப் போக இடமிருக்காது, ஆணியைப் பிடுங்கிக்கொண்டு வெளியே தள்ளும். கொண்டுபோவதற்கு முந்தைய வாரம் முழுக்கச் சாக்கு போர்த்தி உப்புத் தண்ணீரால் நனைத்துக்கொண்டே இருந்தோம். கிரேன் பட்டை இறுகி, வள்ளத்தின் பாரம் முழுக்கக் கொக்கிக்குப் போன பிறகுதான் முட்டைத் தொட விட்டேன். முதலில் நடு முட்டுகள், ஜோடியாக, இரு பக்கமும் ஒரே நேரத்தில். கடைசியில் அணியத்து முட்டும் அமரத்து முட்டும். தொண்டிக் கரையில், இடுப்பளவுத் தண்ணீரில் நங்கூரம் போட்டுக் கட்டினோம். முதல் நாள் இரவு முழுக்கத் தண்ணீர் இறைக்க ஆள் வேண்டியிருந்தது. மறுநாள் இறைப்பு பாதியானது. பலகை ஊறி மூட்டு இறுகிய பிறகு, மருமகப் பிள்ளைகள் பாய்மரத்தை நட்டார்கள்.

தோப்பில் கிராவல் மேடும் பனை உத்தரங்களும் அப்படியே இருக்கின்றன. உத்தரங்களுக்குக் கழிவு ஆயில் பூசி, கீற்றைப் புதிதாக வேயச் சொல்லியிருக்கிறேன். தேவிபட்டினத்திலிருந்து ஒரு வள்ளக்காரர் வந்து அளந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். அவருடையது நாலடி நீளம் கூடுதல். அணியத்துப் பக்கம் இன்னும் ஓர் உத்தரம் கிடத்த வேண்டும். அதற்குத் தோண்டும் வேலையை மழைக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.